டோரிட்டின் நாவலுக்கு வந்த வரி

ஸ்கீவே ஊர் நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கும் டோரிட், ஐம்பத்தாறாவது வயதில் ஒரு கொலை நாவல் எழுதினாள். டென்மார்க்கில் இது பெரிய குற்றமில்லை. அங்கே நடக்கிற கொலைகளைவிட எழுதப்படுகிற கொலைகள்தான் அதிகம். கோபன்ஹேகன் பதிப்பகங்கள் எல்லாம் வரிசையாக, மிக மரியாதையாக மறுத்துவிட்டன. ரோஷம் வந்த டோரிட் முழுதையும் இங்கிலீஷில் திருப்பி எழுதி, ஸ்காட்லாந்தில் இருந்த மர்டோவுக்கு அனுப்பினாள். மர்டோவின் பதிப்பகம் என்பது மர்டோ, அவர் மனைவி, அவர்கள் வீட்டுக் கார் ஷெட், அவ்வளவுதான். கார் மழையில் நனைந்தது, நாவல் அச்சானது.

ஊர் நூலகத்தில் ஒரு மாலைக் கூட்டம் ஏற்பாடாயிற்று. விற்க நாற்பது பிரதி வேண்டும். எழுதியவளாகவே இருந்தாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றார் மர்டோ. ஆனால் பெரிய மனது பண்ணிப் பாதி விலை. டோரிட் இரண்டாயிரம் குரோனர் அனுப்பினாள்.

பெட்டி வரவில்லை. சுங்கத்திலிருந்து போனில் செய்திதான் வந்தது. வரி ஆயிரம், அதாவது முழு விலை நாலாயிரத்தில் கால்வாசி. வரி வாங்கிய சிரமத்துக்கு நூற்று அறுபது.

கணவன் வெர்னர் ரொட்டியில் வெண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"நீ எழுதின புத்தகத்தை நீயே வாங்கி, அதுக்கு வரியும் கட்டணுமா?"

"வெளிநாட்டுலேர்ந்து வருதுல்ல."

"கதை நடக்கிறது நம்ம மீன் மார்க்கெட்டுல. எழுதினது இந்தச் சமையல்கட்டுல. இதுல எதும்மா வெளிநாடு?"

பாதி விலைக்கு வாங்கிய சரக்குக்கு முழு விலையில் எப்படி வரி போட்டார்கள் என்று டோரிட் மர்டோவிடம் விசாரித்தாள். பெட்டிமேல் அட்டை விலையைப் போட்டு, "முதல் பதிப்பு, அரிய நூல்" என்றும் எழுதியது அவர்தானாம். "உங்க புத்தகத்தைக் குறைச்சு எழுத மனசு வரலைங்க" என்றார். இதைக் கேட்டபிறகு அவரைத் திட்ட முடியுமா? அவளை அப்படி யாரும் அதுவரை மதித்ததில்லை.

சுங்க அலுவலகத்தில் காலையில் மட்டும்தான் போன் எடுப்பார்கள். அது டோரிட்டின் வேலை நேரம். தண்ணீரில் உடற்பயிற்சி செய்யும் பெண்கள் தோளில் துண்டோடு வரிசையில் நிற்க, ஒரு கையால் டிக்கெட் கொடுத்துக்கொண்டே பேசினாள்.

"பெட்டி மேல நாலாயிரம்னு போட்டிருக்கே, டோரிட்" என்றார் அதிகாரி.

"நான் கொடுத்தது பாதிதான்."

"ஏன் பாதி? சரக்குல ஏதாவது குறையா?"

"குறையெல்லாம் இல்ல. நான்தான் எழுதினேன்."

"அதை எந்தக் கட்டத்துல போடுறதுன்னு தெரியலையே. சரி, விலை போகாத சரக்குன்னா குறைக்க வழி இருக்கு. இதுவரைக்கும் எத்தனை வித்திருக்கு?"

டோரிட் குரலைத் தாழ்த்தினாள். "பதினொண்ணு."

"கேக்கல."

"பதினொண்ணு!"

ஓடு பதித்த அந்தக் கூடம் எதையும் ஒரு தடவை சொல்லி நிறுத்தாது. வரிசையில் முதலாக நின்ற குர்லி புருவத்தைத் தூக்கினாள்.

"ஏய் டோரிட், ஸ்காட்லாந்து பூரா உன் புத்தகம்தான்னு போன மாசம் சொன்னியேடி?"

"அங்க பதினொரு பேர் சேர்ந்தா ஒரு ஊரு" என்றாள் டோரிட், போனைப் பொத்திக்கொண்டு.

போனில் அதிகாரி உதவி செய்யும் உற்சாகத்தில் இருந்தார். "அப்ப மதிப்பில்லாத சரக்குன்னு போட்டுடவா? ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினா போதும்."

டோரிட் குர்லியைப் பார்த்தாள். குர்லி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"போடாதீங்க. முழு மதிப்புதான். நாலாயிரம்!"

அன்றைக்கே முழுத் தொகையையும் கட்டினாள். தன்மானத்துக்கும் வரி உண்டு என்பதை யாரும் அவளுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

நூலகக் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள், வெர்னரையும் நூலகரையும் சேர்த்து. காப்பி தீர்ந்தது. புத்தகம் இரண்டு விற்றது.

ஆனால் நீச்சல் குள வரிசையில் நின்றவர்கள் வேறொன்றைக் கவனித்திருந்தார்கள். டோரிட் சுங்க அலுவலகத்தில் உயிருள்ள ஒரு மனிதனிடம் பேசியிருக்கிறாள்! ஸ்கீவேயில் அதுவரை அப்படி ஒரு பாக்கியம் யாருக்கும் கிடைத்ததில்லை; கூப்பிட்டவர்களுக்கெல்லாம் பதிவு செய்த மெஷின் குரல்தான் பதில் சொன்னது. மறுநாளே குர்லி வந்து நின்றாள். நார்வேயிலிருந்து அவள் வரவழைத்த கம்பளி நூல் வரியில் மாட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு மட்டும் எப்படிடி லைன் கெடச்சுது?"

"ஒண்ணை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னு மெஷின் என்ன சொன்னாலும் எதையும் அமுக்காதே. வாயையும் திறக்காதே. அதுவே சலிச்சுப்போய் ஒரு ஆளைக் கூப்பிடும்."

பேச்சு பரவியது. ஷூ வாங்கியவர், தூண்டில் வாங்கியவர், நாய்க்கு மழைக்கோட்டு வாங்கியவர் என்று எல்லாரும் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தார்கள். சிலர் குளிக்கவே இல்லை. கடைசியில் நூலகரே மறுபடி கூப்பிட்டார். தலைப்பு: வெளிநாட்டுப் பார்சலும் நீங்களும். இந்த முறை நாற்காலி போதாமல் ஜன்னல் திட்டில் உட்கார்ந்தார்கள். டோரிட் மீதிப் பிரதிகளையும் மேசைமேல் அடுக்கியிருந்தாள். பேசி முடித்ததும் ஒரு பெரியவர் கை தூக்கினார்.

"இதெல்லாம் உங்க புத்தகத்துல இருக்குதா?"

டோரிட் கதை எழுதுகிறவள். தயங்கவில்லை.

"கடைசிப் பக்கத்துல இருக்கு."

நேரே மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். கையெழுத்துப் போடுகிற பாவனையில் ஒவ்வொரு பிரதியின் கடைசிப் பக்கத்திலும் அந்தப் போன் எண்ணையும், "எதையும் அமுக்காதீர்கள்" என்பதையும் எழுதி எழுதிக் கொடுத்தாள். கட்டிய வரியையும் விலையோடு சேர்த்து வாங்கிக்கொண்டாள். முப்பத்தெட்டும் போயிற்று. வெர்னர் பெட்டியை இரண்டு தடவை கவிழ்த்துப் பார்த்தான்.

அடுத்த வாரம் குர்லி துண்டோடு வந்தாள்.

"உன் புத்தகம் பிரமாதம்டி!"

டோரிட்டின் முகம் மலர்ந்தது. "முடிச்சுட்டியா? கொலைகாரன் யாருன்னு முன்னாடியே கண்டுபிடிச்சியா?"

குர்லி விழித்தாள். "கொலைகாரனா? நான் கடைசிப் பக்கத்துப் போன் நம்பரைச் சொல்றேன். உடனே எடுத்துட்டான்! ஆமா, முன்னாடி இருக்கிற பக்கமெல்லாம் கதையா?"

டோரிட் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள்.