பெரிய கல் கீழே

"ஏலே முத்து, நீ பன்னெண்டு படிச்சவந்தான? காது நல்லா கேக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டாக. பெறகு எம்புள்ள ஏன் வாயே தொறக்க மாட்டேங்குறா?"

பக்கத்து வீட்டு நாகஜோதி அக்கா என்னிடம் கேட்டார்.

அக்காவுக்குக் கூடலூர்த் திராட்சைத் தோட்டங்களில் வேலை. மகள் சுபாஸ்ரீயைத் தனியாளாக வளர்க்கிறார். நான்கு வயதாகியும் அதிகம் பேசாத பிள்ளை. அந்தக் கொஞ்சப் பேச்சும் திடீரென்று நின்றுவிட்டது.

அங்கன்வாடி டீச்சர் சாராள், அக்காவின் வீட்டுக்கே வந்தார். "கட்டைய அடுக்கும்போதுதான் இவ பேசுவா, நாகஜோதி. 'பெருசு கீழ, சின்னது மேல, இது உருண்டை, நிக்காது'ன்னு தானா சொல்லிக்கிடுவா. இப்பக் கட்டையக் காமிச்சாலே கையப் பின்னால கட்டிக்கிறா. என்னத்தா நடந்துச்சு?"

அக்கா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

சொந்த வீடு கேட்டு வேண்டிக்கொள்பவர்கள் மலைக்கோயில் வழியில் கல்மேல் கல் அடுக்கிவிட்டு வருவார்கள். வாடகை வீட்டில் இருக்கும் அக்காவும் போன மாதம் அடுக்கினார். கும்பிட்டுக் கண் திறந்தால், சுபாஸ்ரீ அதைக் கலைத்துப் பெரிய கல்லை அடிக்கு நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"வீட்டையே இடிச்சுப்புட்டாளேன்னு கைமேலயே போட்டேன் டீச்சர். இனிமே கல்லத் தொட்டா கைய ஒடிச்சிருவேன்னேன்."

"நீ அடுக்குனது நேரா நின்னுச்சா?"

"எங்க, ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு." சொல்லிவிட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவ அதச் சரி பண்ணியிருக்கா. நான் அடிச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா வாசலில் கற்களைக் கொட்டி அடுக்கினார். சுபாஸ்ரீ கையைப் பின்னால் கட்டியபடி பார்த்தாள். கற்கள் சரிந்தன. திரும்ப அடுக்கினார், திரும்பச் சரிந்தன.

"அக்கா, ஒன்னைய எந்தக் கொத்தனாரு வேலைக்குக் கூப்புடுவாரு?" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. மகளிடம், "ஆத்தா, அம்மா தப்புப் பண்ணிட்டேன். நீ வையி" என்றார்.

அவள் வைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே, "அது பெருசு. கீழ" என்றாள்.

அக்கா அழுதுகொண்டே அந்தக் கல்லை அடியில் வைத்தார்.

இப்போது சுபாஸ்ரீ பேசுகிறாள், அடுக்குகிறாள். ஆனால் கல்லைத் தொடும் முன் அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்க்கிறாள். "இந்தப் பார்வைய நாந்தானே குடுத்தேன்" என்று அக்கா என்னிடம் சொல்லாத நாளில்லை.

அடுக்கும் பிள்ளை அளவையும் கனத்தையும் தன் கையால் படிக்கிறது. அதற்கான சொற்களையும் அங்கேதான் தேடிக்கொள்கிறது. உங்கள் தெருவில் யாராவது அந்தக் கையைத் தட்டிவிடப் பார்த்தால், தயவுசெய்து அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். தன் பெயரைச் சேர்த்தே சொல்லலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.