கோச்சிப் பாட்டுக்குப் பொங்கோ வாசித்தவர்

புதுத் துணியின் கஞ்சி மணமும் தையல் மெசின் எண்ணெயின் மணமும் கலந்து அடிக்கும் ஒரு கடையில்தான் நான் முதன்முதலாக ஓர் இசைத்தட்டு சுழல்வதைப் பார்த்தேன். கண்டிக்கு அருகே கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தையல் கடை ஜவ்பர் நானாவுடையது; முஸ்லிம்களில் மூத்தவரை நாங்கள் நானா என்போம். பள்ளிக்கூட வெள்ளைக் கவுனுக்கு அளவு கொடுக்க அம்மா என்னைக் கூட்டிப்போயிருந்தார். அப்பா வரவில்லை. அப்பாவும் நானாவும் பேசிக்கொள்வதில்லை.

அதற்குக் காரணம் ஒரு பாட்டு. தமிழ் பொப் பாட்டுகள் எங்கும் கேட்ட எழுபதுகளில் கண்டியில் ஒரு சின்ன இசைக்குழு இருந்தது. நகரசபையில் வேலை செய்த என் அப்பாவும் நானாவும் கலியாண வீடுகளில் மாறி மாறி அதில் பொங்கோ என்ற இரட்டைச் சிறு மேளம் வாசித்தார்கள். அந்தக் குழுவின் பாடகர் கொழும்புக்குப் போய்ப் பதிவு செய்த பாட்டொன்று நாங்கள் இருந்த மஹய்யாவ முழுக்க "கோச்சிப் பாட்டு" என்ற பெயரில் பரவியது; கோச்சி என்றால் எங்கள் பேச்சில் ரயில். மலையேறும் ரயிலைப் போல ஓடும் அதன் தாளம், கடைசிச் சரணத்துக்கு முன்னால், மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்றுவிட, ஸ்டேசனுக்குள் வரும் ரயிலாகப் பொங்கோவில் மட்டும் மெதுவாகி மெதுவாகி ஓயும். அந்த இடத்தை வாசித்தது தான்தான் என்று அப்பா சொன்னார். இல்லை, தான்தான் என்று நானா சொன்னார். இசைத்தட்டின் உறையில் பாடியவர் பெயரும் எழுதியவர் பெயரும் மட்டுமே இருந்தன. கேட்டுவிடலாம் என்றால் பாடகர் அதற்குள் வெளிநாடு போய்விட்டார்.

"என்ன றெக்கோட்காரரே, இன்னைக்கு ரேடியோவுல வாசிச்சது நீங்களா, நானாவா?" என்று தேத்தண்ணிக் கடையில் கேட்பார்கள். அப்பா சிரித்துவிட்டு வருவார், ஆனால் அன்றைக்குச் சோற்றில் கை வைக்கமாட்டார். எட்டு வருசம் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த மனிதர் தன்னைப் பொய்யன் என்றதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

எங்கள் வீட்டில் ரேடியோ மட்டும்தான் இருந்தது. கோச்சிப் பாட்டு வந்தால், அந்த ஓயும் இடத்தை அப்பா தான் உட்கார்ந்திருக்கும் கதிரையின் கையில் விரலால் தட்டுவார். மூன்று சுற்று, அப்புறம் நிறுத்தம். ரேடியோவோடு இம்மியும் பிசகாது. நானாவோ அன்றைக்குக் கடையில் தட்டைச் சுழலவிட்டு, கத்தரிக்கோலின் பிடியால் மேசையில் தட்டிக் காட்டினார். நான்கு சுற்று. நான்காவதில் பிரேக் பிடித்தாற்போல, பொங்கோத் தோலில் நகம் இழுபடும் சத்தத்துக்கு மேசையில் ஒரு கீறல். அதுவும் தட்டோடு அப்படியே பொருந்தியது. ரேடியோவில் வருவதும் தட்டில் இருப்பதும் வேறு வேறு பதிவுகள் என்பது எனக்கு அங்கேயே விளங்கிவிட்டது. ஆனால் "பெரியவங்க பேச்சுல வாய் வைக்காத" என்று வளர்க்கப்பட்டவள் நான், இயல்பிலும் கூச்சம். இரண்டு வருசம் வாயே திறக்கவில்லை.

தமிழர்களுக்கு எதிரான எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் வீட்டுச் சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். ரேடியோவும் அதோடு போயிற்று. உடுத்த துணியோடு ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது, துணிக் கட்டையும் அளவு நாடாவையும் தூக்கிக்கொண்டு நானா வந்தார். அப்பாவை அளக்கும்போதும் அவரோடு பேசாமல் அம்மாவிடமே சொன்னார்.

"ஒங்கட மனுசன்ட்ட செல்லுங்க தங்கச்சி, நெஞ்ச நிமித்தச் செல்லி. இடுப்பு முப்பத்திநாலு. வாய் அதவிடப் பெரிசு, எழுதிக்கொள்ளுங்க."

"அவரு நாக்கையும் அளந்து எழுதச் சொல்லு, லச்சுமி," என்றார் அப்பா.

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவின் முகம் சிரிக்கவில்லை. வீடும் போய், இந்த மரியாதையும் போய் நிற்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூட மேசையில் மூன்று சுற்றைத் தட்டினேன். "இது ரேடியோ." பிறகு நான்கு சுற்றைத் தட்டி, நகத்தால் கீறினேன். "இது நானாவோட தட்டு. ரெண்டு பேரும் வாசிச்சிருக்கீங்க."

நாடா அப்பாவின் தோளிலேயே கிடந்தது. இருவரும் முதன்முறையாக நாளையும் இடத்தையும் ஒப்பிட்டார்கள். அப்பா வாசித்தது வானொலிக் கலையகத்தில். ஒரு மாதம் கழித்து, அப்பாவுக்கு லீவு கிடைக்காத நேரத்தில், பாடகர் நானாவை இசைத்தட்டுக்காக வேறொரு இடத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ரேடியோவில் போடுவது அந்தத் தட்டைத்தான் என்று இரண்டு பேரும் நினைத்துவிட்டார்கள். அப்பா தட்டைக் கேட்டதில்லை, தட்டு இருந்த நானா ரேடியோவில் அதைக் காது கொடுத்துக் கேட்டதில்லை.

"நாலு சுத்து எதுக்கு? கோச்சி ஸ்டேசனத் தாண்டிப் போயிருமே," என்றார் அப்பா.

"மூணுல நிப்பாட்டினா ஆக்கள் தண்டவாளத்துலதான் எறங்கணும், ராசையா," என்றார் நானா.

யார் வாசித்தது என்ற சண்டை அன்றோடு முடிந்தது. யார் வாசித்தது நல்லது என்ற சண்டை இருவரும் கண்மூடும்வரை நடந்தது.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் அந்தக் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். இசைத்தட்டிலிருந்து எடுத்த கோச்சிப் பாட்டை அந்தத் தொலைபேசிகளில் கேட்கலாம். வானொலிப் பதிவு எங்கும் இல்லை. பல பேரிடம் விசாரித்துவிட்டேன். போன மாதம், பழைய பாட்டுகளின் விபரங்களைச் சேகரிக்கும் ஒருவர் கொழும்பிலிருந்து பேசினார். தட்டில் பொங்கோ வாசித்தது உங்கள் அப்பா என்று சிலர் சொல்கிறார்களே, அப்படியே போட்டுவிடலாமா என்று கேட்டார். கேட்டுச் சரிபார்க்க யாரும் இல்லை. நான் ஓம் என்றால் அதுதான் நிலைக்கும்.

"இல்லை. அது ஜவ்பர் நானா," என்றேன். "அப்பா வாசித்தது மூன்று சுற்று."