செம்புக்குள் அடைத்த தாரா

வெள்ளிக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. தாராவைச் செம்புக்குள் அடைத்துவிட்டார்கள்!

தாரா யார் என்பீர்கள். பதினைந்து வயதுப் பேய். ஆற்றில் மூழ்கிச் செத்தவள். ஆனாலும் தினமும் பள்ளிக்கூடம் வருகிறாள், கடைசி வாங்கில் உட்காருகிறாள். ஒரே ஒரு சிநேகிதியின் கண்ணுக்குத்தான் தெரிவாள். என் மகள் பள்ளி நூலகத்தில் எடுத்து வந்த நாவல் இது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். இந்தப் பத்தியையே மகள்தான் பிழை பார்க்கிறாள், உங்களுக்குத் தெரியும். நான் தொட்ட முதல் முழுப் புத்தகம் இதுதான். மலையில் கொழுந்து பறிக்கும்போது, பத்து மணித் தேத்தண்ணி நேரத்தில், எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தேன். நாளுக்கு இரண்டு பக்கம். எட்டுப் பெண்கள் கேட்டார்கள்.

அதே கதை டீவியில் தொடராக வந்தது. போச்சு!

"நீ ரெண்டு பக்கம் படிக்கிறதுக்குள்ள அங்க ரெண்டு பாகமே முடிஞ்சிருது புள்ள," என்றார் ராசம்மா அக்கா. எட்டுப் பேரும் கழன்றார்கள். நான் விடவில்லை. தனியாக வாசித்தேன்.

டீவியையும் பார்த்தேன். பொய் சொல்வானேன்?

புத்தகத்துத் தாராவுக்கு ஈரச் செருப்பு. வாங்குக்கு அடியில் தண்ணீர் சொட்டும். அவ்வளவுதான். டீவித் தாராவுக்குக் கண்மை, வெள்ளைச் சேலை, பறக்கும் முடி... பள்ளிக்கூடப் பிள்ளைக்கு எதற்குச் சேலை? டீவியில் பேய்க்கு முன்னே சத்தம் வந்துவிடுகிறது. நாமும் தயாராகிவிடுகிறோம். புத்தகத்தில் சத்தமே இல்லை. பட்டப்பகல் வெயிலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது!

வெள்ளி, டீவியில் மந்திரவாதி செம்போடு வந்தான். கதை முடிந்தது. ஞாயிறு, நான் புத்தகத்தை முடித்தேன். முடிவு வேறு!

திங்கள் புது மலையில் பறிப்பு. முதல் பிடிக் கொழுந்தைச் சாமிக் கல்லுக்கு வைத்துக் கும்பிட்டுத்தான் பறிக்கத் தொடங்குவோம். ராசம்மா அக்கா தன் பிடியை வைத்தார்.

"முனியாண்டி, செம்புக்குள்ள கெடக்குற அந்தப் புள்ளைய நீதான் வெளிய விடணும்."

மற்றவர்களும் கும்பிட்டார்கள். நிசமாகவே!

என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, புத்தகத்துல அவள யாரும் புடிக்கலக்கா! மந்திரவாதியே கெடையாது!"

"என்னடி சொல்ற? அப்ப டீவிக்காரன் பொய்யா சொன்னான்?"

"சிநேகிதியோட ஆத்துக்கு நடந்து போறா..."

"போயி?"

"பத்து மணிக்குப் படிக்கிறேன்."

"அடிப்பாவி! அதுவரைக்கும் எப்புடிடி கொழுந்து எடுக்கிறது?"

பத்து மணிக்கு எட்டுப் பேரும் என்னைச் சுற்றி. தேத்தண்ணிப் போத்தலைக்கூடத் திறக்கவில்லை. கங்காணி, "போதும், எந்திரிங்க!" என்றார். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் அவரும் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கட்டையில் சாய்ந்துகொண்டார்.

கடைசி வரி வந்தது. தாரா செருப்பைக் கழற்றிக் கரையில் வைத்தாள். செருப்பு காய்ந்திருந்தது.



ராசம்மா அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேரே சாமிக் கல்லிடம் போனார்.

"சாமி, அந்தப் புள்ள தானாவே போயிருச்சு. நீ ஒன் சோலியப் பாரு."