வெளிச்சம் ஊறும் கிணறு

ஞாயிறு காலை அம்பத்தூர் நிலையத்தில் மின்சார ரயிலுக்கு நின்றிருந்தேன். பிலோமினாவின் தம்பி அழைத்தார். "சார், அக்கா போயிட்டாங்க" என்றார். மாரடைப்பாம். ரயில் வந்தது, போனது, நான் ஏறவில்லை. இதை எழுதும்போதும் அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவர் பிலோமினா. நசரத்பேட்டை அருகே நான் வேலை பார்க்கும் கல்லூரியில் இயற்பியல் துறைக்கு ஆசிரியையாக வந்த புதிதிலேயே ஒரு விண்ணப்பம் கொடுத்தார். விண்ணப்பம் என்றால் தமிழில்தான் எழுதுவார். அதில் ஒரு பிடிவாதம். "குவாண்டம் கிணறு ஆய்வுக்கு ஓர் இருட்டறை வேண்டும்." அலுவலகத்தார் கிணற்றை மட்டும் படித்தார்கள் போலும். சென்னீர்குப்பத்திலிருந்து போர்வெல்காரர் ஒருவர் எங்கள் துறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னா மேடம், எங்க போர் போடணும்? வண்டி வெளிய நின்னுகினு கீது."

நாங்களெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிலோமினா சிரிக்கவில்லை. நகத்தளவுச் சில்லு ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினார். "இதாண்ணா கிணறு."

"இதுல தண்ணி எங்கம்மா ஊறும்?"

"தண்ணி இல்லண்ணா. வெளிச்சம் ஊறும்."

அந்தச் சில்லுக்குள் இரண்டு குறைகடத்திச் சுவர்களுக்கு நடுவே மிக மெல்லிய படலம் இருந்தது. அதுதான் கிணறு. ஒளி பட்டதும் அதில் ஓர் எலக்ட்ரான் எழும்பும்; அது விட்டுவந்த இடம் துளை. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டால் அந்த ஜோடிக்கு எக்சிட்டான் என்று பெயர். ஜோடி உண்டாகும் அலைநீளத்தில் படலம் ஒளியை ஆசையாக விழுங்கும். வரைபடத்தில் ஒரு முகடு எழும். பருமனான படிகமாக இருந்தால் அறை வெப்பமே ஜோடியைப் பிரித்து முகட்டை மழுக்கிவிடும். கிணற்றின் ஒடுக்கத்தில் பிடி இறுகுவதால் முகடு நிற்கும்.

கேட்ட இருட்டறை ஒருவழியாகக் கிடைத்தது. சில ஆண்டுகளில் கல்லூரித் தாளாளருக்கு அந்த அறைமேல் கண் விழுந்தது. நேர்காணல் பயிற்சிக் கூடம் வேண்டுமாம்.

"சில்லைக் குளிர வைக்கிற மெஷினே இல்லாம இங்க என்னம்மா ஆராய்ச்சி?" என்றார்.

"மே மாசம் வாங்க சார். ஏசியை அணைச்சிட்டுக் காட்டுறேன்."

வந்தார். சட்டை நனைய நின்றார். கணினித் திரையில் முகடு சற்று அகன்றிருந்தது, ஆனாலும் அசையாமல் நின்றது. பிலோமினா நெற்றியைக்கூடத் துடைக்கவில்லை. "வெயிலுக்குப் பிரியிற ஜோடி இல்ல சார் இது." தாளாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வெளியேறினார். அறை பிழைத்தது.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அதே தாளாளர் என் தோளில் கை வைத்தார்.

"பயிற்சிக் கூடத்தை ஆரம்பிச்சிடலாம் சார். மேடம் பேரையே வெச்சிடலாம். ரூம் சாவி உங்ககிட்டதானே?"

உயிரோடு இருந்தவரிடம் பிடுங்க முடியாததை, அவர் பெயரைச் சொல்லியே பிடுங்கப் பார்க்கிறார்கள்.

"என்கிட்டதான் இருக்கு. தர மாட்டேன்" என்றேன். வேலை போனால் போகட்டும்.

இறந்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நானும் சக ஆசிரியர்களும் இன்று அந்த அறையில் இருந்த விளக்குகளையெல்லாம் அணைத்தோம். இருட்டில்தான் ஒளி அளவீடு சரியாக வரும். போய் வாருங்கள், பிலோமினா. வேலை நடக்கிறது. கதவை உள்ளே தாழிட்டிருக்கிறோம்.