சலவையக்கா போட்ட கறை

சினிமா ரத்தத்தை முதன்முதலாக முகர்ந்து பார்த்தபோது சலவையக்கா முகத்தைச் சுளித்தார். "இது ரத்தமா? பிள்ளைங்க ரொட்டியில தடவித் திங்கிற ஜாம்" என்றார். மேக்கப்காரர் அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று அக்காவும் இருந்துவிட்டார். உண்மையைச் சொன்னதற்காக வருத்தப்படுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

ரத்தத்தைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை இருந்தது. பதினான்கு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் விரிப்புகளைத் துவைத்தவர். ரத்தம் பச்சைத் தண்ணீரில்தான் போகும், வெந்நீர் பட்டால் துணியோடு உறவு கொண்டாட ஆரம்பித்துவிடும் என்பார். ஒரு விரிப்பை உதறிப் பார்த்தே இது பிரசவம், இது விபத்து என்று சொல்லிவிடுவார். பிரசவ விரிப்பாக இருந்தால், என்ன குழந்தை என்று மாடிக்கு ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் துவைக்க உட்காருவாராம். பிறகு ஆஸ்பத்திரி தன் துணிகளை வெளியே ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பத் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் பதினெட்டுப் பேரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்து, அப்புறம்தான் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். அவர் கணவர் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் ஆபரேட்டர். "ஒரு நாளைக்கு இருநூறு தடவை மேல போறாரு, பதவி உயர்வு மட்டும் வரமாட்டேங்குது" என்று அவர் காது கேட்கவே சொல்வார். அந்த மனுஷனும் சிரித்துக்கொள்வார்.

நான் அங்கே காஸ்ட்யூம் உதவியாளன். நாற்பத்தொரு வயதில் உதவியாளன் என்றால் அதற்கு முன்னால் ஏதோ ஒன்று கவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். என் விஷயத்தில் கவிழ்ந்தது ஒரு ரெடிமேட் துணிக்கடை. அது தெரிந்ததிலிருந்து அக்கா என்னைக் 'கடைக்காரரே' என்றுதான் கூப்பிடுவார். மூடிய கடைக்கு என்ன காரர் என்று முதலில் எரிச்சலாக இருந்தது. போகப் போக, அந்த ஒரு வார்த்தைக்காகவே சலவை அறைப் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தேன்.

அப்போது எடுத்துக்கொண்டிருந்தது ஒரு நாவலிலிருந்து எடுத்த கொலைக்கதை. டைரக்டர் அந்த நாவலைக் கையைவிட்டு இறக்க மாட்டார். உள்ளே ஒட்டியிருந்த வண்ணத் துண்டுச்சீட்டுகளால் புத்தகம் மூடவே மூடாது. கதையில் கொலைகாரன் ரத்தம் பட்ட சட்டையைக் கழற்றாமல், மேலே ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு நாலு நாள் திரிகிறான். அந்தச் சட்டைதான் படத்தின் உயிர் என்பார் டைரக்டர். ஒரே துணியில் மூன்று சட்டை தைத்தோம். இரண்டு சண்டைக்காட்சியிலேயே கிழிந்து போயின. மிச்சம் இருந்த ஒன்றை வைத்துப் பதினோரு நாள் எடுத்து முடித்திருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கோட்டைக் கழற்றும் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி.

துவைக்கக் கூடாத துணியின் ஹேங்கரில் சிவப்பு ரிப்பன் கட்ட வேண்டும். அதைக் கட்டுவது என் வேலை. ஏற்கெனவே நான் இரண்டு சொதப்பல் செய்திருந்தேன். ஒன்று, இன்ஸ்பெக்டரின் பூட்ஸைக் கைதிக்கு மாட்டி அனுப்பியது. இன்னொன்றைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. எங்கள் காஸ்ட்யூம் மாஸ்டர் நிதானமான மனிதர். "இன்னொரு தப்பு நடந்தா நீங்க கிளம்பிட வேண்டியதுதான்" என்று நிதானமாகவே சொல்லியிருந்தார். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள்.

அன்று சட்டையில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தது. ரிப்பனை அவிழ்த்துப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, சட்டையை எடுத்துப் பொத்தானைத் தைத்தேன். நூலை அறுக்கும்போது போன் வந்தது. சின்னவள் பள்ளிக்கூடத்தில் விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டாள். சட்டையை எங்கே வைத்தேன் என்று சத்தியமாக நினைவில்லை. துவைக்கிற கூடையின் மேல்தான் வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் வந்தபோது சட்டை தேய்த்து மடிப்புக் கலையாமல் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது. பளிச்சென்று, கடையிலிருந்து அப்போதுதான் வந்தது போல. அக்கா பக்கத்தில் பெருமையோடு நின்றார்.

"நிழல்கூட இல்ல பாத்தீங்களா? ரிப்பன் இல்ல, வேலை முடிஞ்சிருச்சு போலன்னு ஒன்றரை மணி நேரம் போராடினேன்."

நான் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டரும் டைரக்டரும் உள்ளே வந்துவிட்டார்கள். டைரக்டர் சட்டையைப் பார்த்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாக, "யாரு?" என்று மட்டும் கேட்டார்.

நேற்றைய பேன்ட்தான் போட்டிருந்தேன்; பாக்கெட்டுக்குள் விரலில் ரிப்பன் தட்டுப்பட்டது. அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார்.

"நான்தான் சார். ரிப்பனைக் கவனிக்காம துவைச்சிட்டேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் காது சுடுகிறது. டைரக்டர் மாஸ்டரிடம், "படம் முடியட்டும். அப்புறம் அந்தம்மா வேண்டாம்" என்றார். மாஸ்டர் தலையாட்டினார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்குக் காட்சி. மேக்கப்காரர் ஒரு வெள்ளைத் துணியை மேஜையில் விரித்துக் கறை போட்டுப் பார்த்தார். பழரசம் கொட்டினது போல இருந்தது. இரண்டாவது தடவையும் அதே பழரசம்தான். அக்கா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"படுக்கப்போட்டு ஊத்தினா எப்படி வரும்? அவன் நின்னுக்கிட்டுல்ல இருந்தான்? ரத்தம் ஆளோட வளைவுல இறங்கும். ஒரு ஆளைக் குடுங்க, நான் போடறேன்."

ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. நடிகரின் அளவும் என் அளவும் ஒன்று. சட்டையை மாட்டிக்கொண்டு சலவை அறை நடுவில் கையைத் தூக்கி நின்றேன். முதல் கரண்டி வயிற்றில் இறங்கியதும் ஜில்லென்று துள்ளினேன். "ஆடாதீங்க, நீங்க செத்துக்கிட்டு இல்ல, கொன்னுக்கிட்டு இருக்கீங்க" என்றார்.

சுவரில், படப்பிடிப்பில் எடுத்த பழைய கறையின் ஒன்பது போட்டோக்களை ஒட்டியிருந்தார். ஒரு கரண்டி ஊற்றுவார், ஈரப் பஞ்சால் ஒற்றுவார், முடி உலர்த்தும் மெஷினால் காயவைப்பார். ஓரத்துக்குக் கெட்டியான தேநீரைத் தொட்டுத் தொட்டு வைப்பார். காய்ந்த ரத்தத்துக்கு நடுவில் ஒரு நிறம், விளிம்பில் ஒரு நிறம் என்றார். வாழ்நாளெல்லாம் கறையை எடுத்தவர், அதே அக்கறையோடு ஒரு கறையைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சட்டையைத் துவைச்சது நான்தானே? பொய்யா சொன்னேன்? உங்களை அனுப்பினா இந்த வயசுல யாரு கூப்பிடுவா? என்னை அனுப்பினா, அழுக்கு சேர்ந்ததும் அவங்களே தேடி வருவாங்க."

ஆஸ்பத்திரி தேடி வரவில்லையே என்று நாக்கு நுனி வரை வந்தது. கையை இன்னும் கொஞ்சம் தூக்கிக்கொண்டேன்.

"சரி, சும்மா நிக்கறதுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்க. நான் எங்க நாவல் படிச்சேன்?"

சொன்னேன். ஒரு குமாஸ்தா தன் மைத்துனனைக் கொன்றுவிடுகிறான். போலீஸ் தவறுதலாக அந்தக் கட்டடத்தின் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டு போகிறது. குமாஸ்தா ஒன்றும் தெரியாதவன் போல ஆபீசுக்குப் போய் வருகிறான்.

"இவன் செஞ்சதுன்னு வாட்ச்மேனுக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா சொல்லல."

"எத்தனை நாள் உள்ள இருந்தான்?"

"நாலு நாள்."

அக்கா பஞ்சைப் பிழிந்தார். "அந்த நாலு நாளும் இவன் வேளாவேளைக்குச் சாப்பிட்டானா?"

குத்திக்காட்டிக் கேட்கவில்லை. கதை கேட்கிறவர்கள் கேட்கிற கேள்விதான். காலையில் டைரக்டர் போனதும் நான் போய் இரண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன்.

ஒன்றரை மணிக்கு டைரக்டர் மாஸ்டரோடு வந்தார். கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, போட்டோவையும் என் வயிற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "முன்னால இருந்ததைவிட நல்லா இருக்கு" என்றார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அவ்வளவுதான், எல்லாரும் கிளம்பப் போகிறார்கள். நான் பாக்கெட்டிலிருந்து ரிப்பனை எடுத்து நீட்டினேன்.

"சார், துவைச்சது அவங்க. துவைக்க வச்சது நான். ரிப்பனை அவிழ்த்துட்டு, சட்டையைக் கூடை மேலயே விட்டுட்டுப் போயிட்டேன்."

கொலைகாரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு சொன்னதால் வாக்குமூலம் மாதிரியே இருந்தது. டைரக்டர் கையிலிருந்த நாவலைத் தட்டினார்.

"இதுல அவனுக்கு உண்மையைச் சொல்ல நாலு நாள் ஆச்சு. உங்களுக்கு ஆறு மணி நேரம்" என்றார். மாஸ்டர் பக்கம் திரும்பி, "அந்தம்மா இருக்கட்டும். இவரை நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டர் என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் வேலையை இழந்துவிட்டேன். அதற்குள் அக்கா என் மேல் பாய்ந்தார்.

"அறிவு இருக்கா உங்களுக்கு? ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்களை வச்சிக்கிட்டு யாராவது இப்படிப் போய் மாட்டிக்குவாங்களா? நான் பாடுபட்டு மூடி வச்சதை இப்படித் திறந்து கொட்டிட்டீங்களே!"

திட்டி முடித்த மூச்சோடு மாஸ்டரிடம் போனார். "சலவைக்கு ஒரு ஆள் கேட்டு மூணு மாசமாச்சு. இனிமே தேட வேண்டாம். இவரையே குடுத்திடுங்க."

மாஸ்டர் யோசித்தார். கடைசியில், "குடுக்கறேன். ரிப்பன் கட்டுற வேலை மட்டும் குடுத்திடாதீங்க" என்றார்.

அப்படித்தான் சலவை அறைக்குப் போனேன். துணிக்கடை நடத்தியபோதுகூட அவ்வளவு மன நிம்மதியாக வேலை பார்த்ததில்லை. படம் முடியும் சமயத்தில் மாஸ்டருக்கு மனம் இறங்கியது. "திரும்பக் காஸ்ட்யூமுக்கே வந்திடுங்க, டைட்டில்லயும் உங்க பேரை அங்கயே போட்டுடறேன்" என்றார். வேலைக்கு வருகிறேன் என்றேன். டைட்டிலுக்கு வேறு ஒன்று கேட்டேன்.

படத்தைப் பத்திரிகைகள் கொண்டாடின, விருதுகள் வந்தன. ஒரு விமர்சகர் அந்தச் சட்டைக் கறையைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதினார். மேக்கப்காரர் அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். அக்காவிடம் சொன்னேன். "மாட்டிக்கட்டும், பாவம்" என்றார்.

படம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, பகல் காட்சிக்கு என் குடும்பமும் அக்காவும் அவர் கணவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். படம் முடிந்து எல்லாரும் எழுந்து போக, நாங்கள் மட்டும் மேலே ஓடும் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காஸ்ட்யூம் வந்து போனது. சின்னவள் என் சட்டையை இழுத்தாள். "அப்பா, உங்க பேரு வரலையே?"

"வரும், பாரு."

கார் ஓட்டினவர்கள், சாப்பாடு போட்டவர்கள் எல்லாரும் போனபிறகு, கடைசியில் சலவை என்று வந்தது. அதில் இரண்டே பெயர். அக்கா தன் பெயரை வாய்விட்டு ஒரு முறை படித்தார். அவர் கணவர் அதை இன்னொரு முறை படித்தார்.

"உங்க பேரு ஏம்ப்பா இவ்வளவு கடைசியில, அத்தை பேருக்கும் கீழ இருக்கு?" என்றாள் சின்னவள்.

"அது அப்பா கேட்டு வாங்கின இடம்டா" என்றேன்.