மதார் சாகிப் அறுத்த நாற்காலிக் கால்கள்

செங்கம் சாலையில் மதார் சாகிப் பழைய நாற்காலிகள் விற்றார். மூடிப்போன லாட்ஜ்களிலிருந்தும் ஏலத்துக்கு வந்த வீடுகளிலிருந்தும் மாட்டு வண்டியில் ஏற்றி வருவார். எல்லாம் ஐம்பதுகளில் செய்த தேக்கு. கால்கள் அன்றைய புது மோஸ்தரில் சாய்ந்திருக்கும். முதுகில் மட்டும் கோயில் தூணில் இருப்பதுபோல அன்னம் செதுக்கியிருக்கும். தளர்ந்த பிரம்பை அவர் மனைவி மஹ்பூபா பின்னிக் கொடுப்பார்.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சாலையிலிருந்த ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள். சம்மணம் போட்டு உட்காரத் தாழ்வாக வேண்டும் என்பார்கள். அதனால் எந்த நாற்காலி வந்தாலும், யாரையும் கேட்காமல் மதார் சாகிப் காலை அறுத்துவிடுவார்.

1979இல் நான் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக வாழ்ந்த திரௌபதி டீச்சருக்கு இடுப்பெலும்பு முறிந்து கூடியிருந்தது. அந்த வார வெள்ளிக்கிழமை அவருடைய அண்ணன் மகன் வேணு வருவதாக இருந்தது. அத்தை தானாக எழுந்து நடக்காவிட்டால் தன் ஊரான கீழ்பென்னாத்தூருக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தான். டீச்சருக்கு வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. வீட்டில் இருந்ததோ துணி போட்ட ஈஸிசேர். அதில் உட்கார்ந்தால் நான்தான் தூக்கிவிட வேண்டும். டீச்சரின் முழங்கால் உயரத்தைக் கட்டுத்துணியில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஒரு நாற்காலியும் முடிச்சை எட்டவில்லை.

"என்ன பாய், எல்லாத்துக்கும் காலை எடுத்துட்டீங்க? எங்க டாக்டர்கூட இவ்ளோ எடுத்ததில்ல."

"வெள்ளக்காரங்க தரையில ஒக்கார்றதுக்குத்தான் நாற்காலி வாங்குறாங்க நர்சம்மா. நான் என்னா பண்றது?"

"விட்டா வீட்டுக் கட்டிலுக்கும் அறுத்துடுவாரு" என்றார் உள்ளேயிருந்து மஹ்பூபா.

ஆஸ்பத்திரியில் கால் வீங்கியவர்களின் கட்டிலின் கால்மாட்டைக் குழி வெட்டிய மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைப்போம், நழுவாது. அதைச் சொல்லி, அதுபோல் செய்யச் சொன்னேன்.

"அழகு போயிடுமே."

"டீச்சர் அழகு பாக்கல பாய். எழுந்திரிக்கணும்."

இரண்டு கனமான சட்டங்களில் குழி வெட்டி, கைப்பிடியுள்ள ஒரு நாற்காலியின் குட்டைக் கால்களை அவற்றில் இறக்கி முடுக்கினார். முடிச்சு சரியாக வந்தது. நாற்காலியை வாங்கி டீச்சர் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வேணு ஈஸிசேரில் சாய்ந்தான். "கை குடு அத்தை, எழுப்பி விடறேன்" என்று எழப் பார்த்தான், சட்டென்று முடியவில்லை.

"மொதல்ல நீ எழுந்திரி" என்று டீச்சர் தன் நாற்காலியின் கைப்பிடிகளை அழுத்தி எழுந்தார். தடியை ஊன்றிச் சமையலறைக்குப் போய் அவனுக்கு மோர் கொண்டுவந்தார். சாயங்கால பஸ்ஸில் வேணு தனியாகவே ஊர் திரும்பினான்.

சில வருஷம் கழித்து டீச்சர் இறந்தபின், நாற்காலியை மதார் சாகிப்பே திரும்ப வாங்கிக்கொண்டார். சட்டத்தைக் கழற்றவில்லை. தன் மாமியாருக்கென்று கேட்டு வந்த ஒரு பெண்ணுக்கு, அந்த மாமியாரின் முழங்கால் அளவைக் கேட்டு வாங்கிய பிறகே அதை விற்றார்.