ஒட்டாத தீனம்

என் கணவர் பனையேறி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் எங்கள் ஊருக்கு ஒரு கங்காணி வந்து, கடப்பைப் பக்கத்துக் கல்நார்ச் சுரங்கத்தில் வாரக்கூலி கிடைக்கும் என்று ஆள் சேர்த்தார். கலியாணமான புதிது, இரண்டு பேருமே புறப்பட்டுப் போனோம்.

அவர் குழிக்குள் பாறை உடைப்பார். மேலே வரும் கல்லைப் பெண்கள் சுத்தியலால் தட்டி நாரைப் பிரிப்போம். அது பஞ்சு மாதிரி இருக்கும், தீயில் போட்டாலும் எரியாது. சாயங்காலம் அவர் புருவம்கூடத் தூசியால் வெளுத்திருக்கும். நான் முந்தானையால் தட்டிவிட்டுச் சிரிப்பேன். அந்தத் தூசி கெடுதல் என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

ஏழு வருஷம் கழித்து எங்கள் ஊரான குழித்துறைக்கே திரும்பினோம். மகள் பிறந்தாள். அவர் பழையபடி பனையேறப் போனார். நாலைந்து வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் பாதிப் பனையில் மரத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்று கீழேயிருந்து கத்தினேன்.

"மூச்சு எட்ட மாட்டேங்கு. கொஞ்சம் நிக்கேன்."

அதற்குப் பிறகு அவர் மரமேறவில்லை. வறட்டு இருமலும் வந்தது. சயரோகம் என்று அவரைப் பெற்ற என் மாமி முடிவு கட்டி, தனித் தட்டு வைத்து, தொழுவத்தை ஒட்டி இறக்கிய ஓலைச் சாய்ப்பில் படுக்கை போட்டாள்.

"ஏட்டி, பிள்ளைய அங்க விடாத. ஒட்டுற தீனமாக்கும்."

நானும் விடவில்லை. ஒரு வருஷம் மகள் வாசலில் நின்றுதான் அப்பாவோடு பேசினாள்.

கடைசியில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சளியைச் சோதித்தார். நுனி உருண்டு வீங்கியிருந்த விரல்களைப் பார்த்தார். என்ன வேலை செய்தீர் என்று கேட்டார். சொன்னோம்.

"இது சயரோகம் இல்ல. அந்தத் தூசி நெஞ்சுக்குள்ள தங்கிப்போச்சு. யாருக்கும் ஒட்டாது."

"அத எடுக்க மருந்து உண்டுமா?" என்றேன்.

"இல்லம்மா. இருமலுக்குத் தாறேன்."

வெளியே வந்ததும் அவர் கேட்டார்: "அப்போ பிள்ளைய மடியில இருத்தலாம்லா?"

அன்று மாமி பார்க்க அவர் தட்டிலேயே போட்டுச் சாப்பிட்டேன். மாமி எழுந்து போனாள். மறுநாள் அவளே சாய்ப்பிலிருந்து பாயை எடுத்து வந்து வீட்டுக்குள் விரித்தாள்.

அதன்பின் அவர் பதினாலு மாதம் இருந்தார். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சுவரில் சாய்ந்தே தூங்குவார். மகள் அவர் மடியில் தலைவைத்துப் படுத்திருப்பாள்.